ஊர்க் காய் போதும் சூப்புக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கார்த்திகை மழையில் கேரட், பீன்ஸ், காலிஃபிளவர் பக்கமே போக முடியவில்லை. அவை இல்லாமல் சூப் வைக்கலாமா? நான்கு பேருக்கு அளவு சொல்லுங்கள். (வாசகி, மன்னார்குடி)

தாராளமாக வைக்கலாம். கேரட்டும் பீன்ஸும் நமக்கு மலையிலிருந்து லாரி ஏறி வருபவை. மழையில் வரத்து குறைந்தால் விலை ஏறத்தான் செய்யும். அதே நாட்களில் நம் பக்கம் வாழைத்தண்டும் பரங்கிக்காயும் மலிவாகக் கிடைக்கும். பொங்கல் நெருங்கினால் அவரை, பச்சை மொச்சை, சர்க்கரைவள்ளி வந்துவிடும். கோடையில் சுரை, பீர்க்கு, புடலை, முருங்கைக்காய். அந்தந்த வாரம் உழவர் சந்தையில் எது குவிந்து கிடக்கிறதோ அதுதான் சூப்புக்கான காய்.

அளவு இது: ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, கால் கிலோ காய், பத்து சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு தக்காளி, ஒரு லிட்டர் தண்ணீர். பருப்பைப் பச்சை வாசனை போக லேசாக வறுத்து, மஞ்சள் தூள் சேர்த்துக் குழைய வேக விடுங்கள். பிறகு காயும் வெங்காயமும் பூண்டும். தக்காளியைக் கடைசியில்தான் போட வேண்டும். புளிப்பு முன்னதாகச் சேர்ந்தால் பருப்பும் காயும் சீக்கிரம் வேகாது, கேஸ்தான் வீணாகும். எல்லாம் வெந்ததும் பாதியை மத்தால் கடைந்து, பாதியை அப்படியே விடுங்கள். ஒரு ஸ்பூன் மிளகையும் அரை ஸ்பூன் சீரகத்தையும் அப்போதே பொடித்துத் தூவி, உப்புப் போட்டு இறக்கி, கொத்தமல்லி கிள்ளிப் போட்டால் முடிந்தது. மிளகை முன்கூட்டிப் பொடித்து டப்பாவில் வைத்திருந்தால் அந்த மணம் வராது. இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கொத்தமல்லித் தண்டு, பரங்கித் தோலின் உள்பக்கச் சதை, இளம் பீர்க்கங்காய்த் தோல் எதையும் எறிய வேண்டாம். காயோடு சேர்த்து வேகவைத்துக் கடைந்துவிடலாம்.

வாழைத்தண்டு சூப் வைத்தால் கறுத்துப் போகிறது, வாயில் நாரும் சிக்குகிறது. (வாசகி, திருவையாறு)

படுகை வாழை பக்கத்திலேயே இருக்கும் ஊர்க்காரர் நீங்கள், இதை விட்டுவிடாதீர்கள். வெளிப்பட்டைகளை உரித்துக்கொண்டே போய், நகம் சுலபமாக இறங்கும் வெள்ளைத் தண்டு வந்ததும் நிறுத்துங்கள். வில்லை வில்லையாக நறுக்கும்போது, ஒவ்வொரு வில்லைக்கும் அடுத்ததற்கும் நடுவே நூல் நூலாக நார் இழுபடும். அதை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே வாருங்கள். ஒரு தண்டு முடிவதற்குள் விரலில் ஒரு சின்ன உருண்டையே சேர்ந்துவிடும். அப்புறம் வில்லைகளைப் பொடியாக நறுக்கி, நறுக்க நறுக்க நீர்மோரில் போடுங்கள். வெட்டுப்பட்ட இடத்தில் காற்று படுவதால்தான் கறுக்கிறது. மோரின் புளிப்பு அதைத் தடுக்கும். மோர்த் தண்டைக் கரண்டிக் காம்பால் ஒரு சுற்றுச் சுற்றினால் மிச்ச நாரும் காம்பில் ஏறிவிடும். வெந்தபின் மிக்ஸியில் ஓட்டி வடிகட்டினால் குழந்தைகளும் குடிப்பார்கள்.

சூப் கெட்டியாக வர கார்ன் ஃப்ளார் கட்டாயமா? (வாசகர், கும்பகோணம்)

தேவையே இல்லை. சோறு வடித்த கஞ்சி இருக்கும்போது மாவுக்கு ஏன் காசு? ஒரு லிட்டர் சூப்புக்கு ஒரு டம்ளர் வடிகஞ்சி போதும். அன்று வடித்ததாக இருக்கட்டும், வைத்திருந்தால் புளித்துவிடும். குக்கரில் சோறு வைக்கிறவர்கள் ஒரு ஸ்பூன் பச்சரிசியை ஊறவைத்து அரைத்துக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிடலாம். பரங்கியோ சர்க்கரைவள்ளியோ போட்டால் அதுவும் வேண்டாம், அவையே கெட்டியாக்கிவிடும்.

கொல்லையில் காய்த்த சுரைக்காய் லேசாகக் கசக்கிறது. சூப்பில் மிளகு தூக்கலாகப் போட்டால் தெரியாதல்லவா? (வாசகி, பாபநாசம்)

வேண்டாம் அம்மா, தயவுசெய்து போடாதீர்கள். கசக்கும் சுரைக்காயில் குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப் பொருள் கூடுதலாக இருக்கிறது. வேகவைத்தாலும் அது போகாது. கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு, சில நேரம் ரத்த வாந்தி வரை கொண்டுபோகும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். பீர்க்கு, புடலை, வெள்ளரிக்கும் இதே எச்சரிக்கைதான். நறுக்கும் முன் காம்புப் பக்கம் ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு, காயைக் குப்பையில் போடுங்கள். மாட்டுக்கும் வைக்க வேண்டாம். கசப்பான சூப்பைக் குடித்துவிட்டு வாந்தி எடுத்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்பாவுக்கு பிபியும் சர்க்கரையும் இருக்கிறது. தினமும் இரவில் சூப் கொடுக்கலாமா? (வாசகர், நாகப்பட்டினம்)

கொடுக்கலாம். வடிகஞ்சியும் சர்க்கரைவள்ளியும் மட்டும் வேண்டாம். கடைந்த பருப்பே கெட்டிக்குப் போதும். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் அளவுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாம்பார், ஊறுகாய், அப்பளம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். அதனால் அப்பா கிண்ணத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மற்றவர்களுக்கு உப்புப் போடுங்கள். அவருக்குச் சிட்டிகை உப்போடு எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு, மிளகு கொஞ்சம் கூடுதலாக. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் வாழைத்தண்டு, கீரை, பருப்பு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொட்டாசியத்தை அவர்கள் அளந்துதான் சாப்பிட வேண்டும்.

முருங்கைக்கீரை சூப் பச்சையாகவே இருக்க வழி உண்டா? மிச்சத்தை மறுநாள் சுடவைத்துக் குடிக்கலாமா? (வாசகி, திருவாரூர்)

பருப்பு வெந்து கொதிக்கும்போது கீரையைப் போட்டு, மூடாமல் ஐந்து நிமிடத்தில் இறக்குங்கள். இந்த சூப்புக்குத் தக்காளி வேண்டாம். எலுமிச்சை இறக்கிய பிறகுதான், குடிக்கும் கிண்ணத்தில். புளிப்பும் நீண்ட சூடும் சேர்ந்தால் பச்சை பழுப்பாகிவிடும். மழைக்காலத்தில் கொத்தை உதறிக் கம்பளிப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்து ஆய்ந்துகொள்ளுங்கள். மிச்சத்தை ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் நன்றாகக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் வையுங்கள்.