விண்டோஸ் பூட் ஆகவில்லை, கடையில் ஃபார்மட் என்கிறார்கள். பூட் ஆகிற விண்டோஸ் பென்டிரைவ் தயாரிக்க எந்த மென்பொருள் நல்லது?

ரூஃபஸ் போதும். ஆனால் ஃபார்மட் என்ற வார்த்தையைப் பார்த்தபின் அத்தோடு விட மனம் வரவில்லை.

மூன்று வருடம் முன்பு என் அக்கா மகன், சி டிரைவில் இடம் போதவில்லை என்று ஏதோ பார்டிஷன் மென்பொருளை இறக்கி, ஓரமாகக் கிடந்த 100 எம்பி பகுதியை அழித்துவிட்டான். அதுதான் இஎஃப்ஐ பகுதி, பூட் ஃபைல்கள் இருக்கிற இடம். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "ஃபார்மட் பண்ணித்தான் சார் ஆகணும், டேட்டா போயிடும்." மாமா இறந்து எட்டு மாதம், அவர் போட்டோ முழுக்க அதில்தான். அக்கா கடை வாசலிலேயே அழுதுவிட்டாள். லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பார்த்ததற்கு 300 ரூபாய் கேட்டார்கள், கொடுத்தேன். பில் கேட்டால் ஜிஎஸ்டி தனியாம்! இந்த ஊரில் பில் கேட்பவனை ஏன் திருடனைப் போலப் பார்க்கிறார்கள்?

அன்றிரவு மைக்ரோசாஃப்ட் தளத்தில் ஐஎஸ்ஓ (விண்டோஸ் இன்ஸ்டால் ஃபைல்) இறக்கி, ரூஃபஸில் புதிய லேப்டாப்களுக்கான ஜிபிடி, யுஇஎஃப்ஐ அமைப்புகளைத் தேர்ந்து 16 ஜிபி பென்டிரைவில் எழுதினேன். இன்ஸ்டால் திரை வந்ததும் ஷிஃப்ட்டோடு எஃப்10. கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை வந்தது. அதில் பார்டிஷன்களைக் கையாளும் டிஸ்க்பார்ட் திறந்து, காலியான இடத்தில் மறுபடி 100 எம்பி இஎஃப்ஐ பகுதி உண்டாக்கி, அதை மட்டும் ஃபேட்32 என்ற வகையில் ஃபார்மட் செய்து, எஸ் என்று எழுத்து கொடுத்தேன். டிஸ்க் எண் தப்பினால் எல்லாம் போகும் என்பதால் மூன்று முறை சரிபார்த்தேன். பிறகு பிசிடிபூட் என்ற கட்டளை, ஒரே வரி. விண்டோஸ் ஃபோல்டரிலிருந்தே பூட் ஃபைல்களை எடுத்து எஸ்-இல் வைத்துவிடும். ரீஸ்டார்ட் செய்தேன். வால்பேப்பரில் மாமா.

வென்டாய் என்ற இன்னொரு மென்பொருள்தான் மேல் என்று சிலர் வருவார்கள். பல ஐஎஸ்ஓக்களை ஒரே பென்டிரைவில் காப்பி செய்து வைக்க அது அருமை, மறுக்கவில்லை. ஒரே ஒரு விண்டோஸுக்கு ரூஃபஸ் எளிது; 4 ஜிபி தாண்டிய ஃபைல் ஃபேட்32-இல் ஏறாத தொல்லையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். நான் டெக்னீஷியன் இல்லை, கணக்கு எழுதுபவன். டிஸ்கே பழுதானால் இந்த வழி உதவாது என்பதும் தெரியும். டிரைவைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரிகவரி கீ கையில் இருக்க வேண்டும்.

உங்கள் லேப்டாப்பிலும் முதலில் அதே கறுப்புத் திரையில் டிஸ்க்பார்ட் திறந்து லிஸ்ட் வால்யூம் கொடுங்கள். விண்டோஸ் டிரைவ் அங்கே சி என்றே இருக்கும் என்று சொல்ல முடியாது, அளவை வைத்துக் கண்டுபிடியுங்கள். பக்கத்தில் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிரைவின் வழக்கமான வகை) என்று காட்டினால், யாரையும் ஃபார்மட் செய்ய விடாதீர்கள்.