ஸ்பேனர் பதில்கள்: ஆயில் லைட் எரிந்தால் பம்ப்தான் குற்றவாளியா?

கேள்வி: அண்ணே, என்னுடையது 2014 மாடல் டீசல் கார். 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மீஞ்சூரிலிருந்து வந்து மூலக்கடை சிக்னலில் நின்றால் சிவப்பு ஆயில் லைட் மினுக்குகிறது. ஆக்சிலேட்டரைத் தொட்டால் அணைந்துவிடுகிறது. மெக்கானிக் 'ஆயில் பம்ப் போச்சு, மாத்திடலாம்' என்கிறார். மாற்றட்டுமா? *(கொருக்குப்பேட்டை வாசகர்)*

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. ஆனால் அந்த லைட்டோடு வண்டியை ஓட்டவும் செய்யாதீர்கள். அது ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் விளக்கு இல்லை, பிரஷர் விளக்கு. பல வண்டிகளில் பிரஷர் அரை பார் என்ற அளவுக்கும் கீழே விழுந்த பிறகுதான் அது கண்ணைத் திறக்கும். அதாவது, வீடு பாதி எரிந்த பிறகு வரும் தகவல்.

விளக்கு எப்போது எரிகிறது என்பதில்தான் பாதி பதில் இருக்கிறது. வியாசர்பாடியில் நான் கை பழகிய காலத்தில் ஒரு டீசல் டாக்சி வந்தது. நின்றால் ஒன்றுமில்லை, வேகம் எடுத்தால் லைட் எரியும். நான் பெரிய ஆள் மாதிரி புது பம்ப் போட்டு அனுப்பினேன். இரண்டே நாளில் டாக்சிக்காரர் வாசலில் நிற்கிறார். எங்கள் மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்தார், எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைத் தடவினார், 'கையை வெச்சுப் பாருடா' என்றார். அடிப்பக்கம் கிண்ணம் மாதிரி உள்ளே போயிருந்தது. ஏதோ பள்ளத்தில் கல் இடித்திருக்கிறது. கழற்றிப் பார்த்தால், ஆயிலை உறிஞ்சும் சல்லடைக்கும் சம்ப் தரைக்கும் நடுவில் தீக்குச்சி நுழைய இடமில்லை. பம்ப் பாவம், இழுக்க ஆயில் கிடைக்காமல் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. அதே சம்ப்பை நான் இரண்டு நாள் முன்னால் என் கையாலேயே கழற்றித் துடைத்து மாட்டியிருந்தேன். அன்றைக்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

உங்களுடையது நேர் எதிர். சூடான பிறகு, ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது மட்டும் மினுக்குகிறது. சல்லடை அடைப்பு என்றால் வேகத்தில்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஆகவே முதலில் டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தாலோ, ஆயில் அளவு தானாக ஏறியிருந்தாலோ, டீசல் கலந்து ஆயில் தண்ணியாகிவிட்டது. போன சர்வீஸில் என்ன கிரேடு ஊற்றினார்கள் என்று பில்லைப் பாருங்கள். பில்லே இல்லை, கேனில் அளந்து ஊற்றிய ஆயில் என்றால் சரியான கிரேடு ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிட்டு மேலே பேசலாம்.

அடுத்து, அந்த லைட்டை எரியவைக்கும் பிரஷர் ஸ்விட்ச்சைக் கழற்றி அந்த ஓட்டையில் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பார்க்க வேண்டும். 1000 ஆர்பிஎம் சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ பிரஷர் என்பது பட்டறைக் கணக்கு. உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருப்பதுதான் சட்டம். கேஜ் சரியாகக் காட்டினால் ஸ்விட்ச்தான் பழுது, சில நூறு ரூபாயோடு முடியும். காசிமேடு பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்றில் அந்த சாக்கெட் பச்சை பூத்துப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேஜும் குறைவாகக் காட்டினால் சம்ப்பை இறக்கி, பம்ப்போடு சேர்த்து, எஞ்சின் தண்டைத் தாங்கும் ஒரு பேரிங்கின் மூடியையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் நிறம் தேய்ந்து செம்பு தெரிந்தால் குற்றம் பேரிங்கில். இடைவெளி பெருத்த இடத்தில் எந்தப் பம்ப்பும் பிரஷரைக் கட்டாது. அதில் புது பம்ப் போட்டால் கொஞ்ச நாள் இருமல் அடங்கும், அவ்வளவுதான். கேஜ் மாட்டாமலே பம்ப் என்று தீர்ப்புச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

கேள்வி: ஐயா, எங்கள் ஆட்டோமேட்டிக் கார் மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் நின்றுவிட்டது. கயிறு கட்டி மூன்று கிலோமீட்டர் இழுத்து வந்தோம். இப்போது 'டி' போட்டால் மூன்று நான்கு நொடி கழித்துத்தான் நகர்கிறது. கியர் பாக்ஸையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். *(பெரம்பூர் வாசகி)*

பதில்: அம்மா, டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாக கியர் பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள ஆட்டோமேட்டிக்கில் ஆயில் பம்ப் கியர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்கும். நியூட்ரலில் போட்டு இழுத்தாலும் சக்கரத்தோடு உள்ளே பல்சக்கரங்கள் சுற்றும், ஆயில் மட்டும் போகாது. அதனால்தான் இவற்றை ரெக்கவரி லாரியில் ஏற்றிக் கொண்டுபோகச் சொல்கிறார்கள்.

மூன்று கிலோமீட்டர் மெதுவாக இழுத்ததில் எல்லாம் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. எனக்குப் பயம் தண்ணீர்தான். கியர் ஆயிலில் நாலு சொட்டு வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விடுங்கள். ரோஸ் மில்க் மாதிரி கலங்கலாக இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அதற்குப் பிறகு செல்ஃப் அடிக்கவே கூடாது. உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளின் ஒட்டு விட்டுப்போகும். கறுப்பாகி தீய்ந்த வாடை அடித்தால் தட்டு ஏற்கெனவே எரிந்திருக்கிறது. தெளிவான சிவப்பு என்றால் நல்ல செய்தி. ஆயில் அளவையும் லைன் பிரஷரையும், அதாவது கியர் பாக்ஸுக்குள் பம்ப் கொடுக்கும் ஆயில் பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள். அளவு குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், 'டி' விழத் தாமதமாகும்.

கியர் பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும் என்று வந்தால், திரும்ப மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். கன்வெர்ட்டர் பம்ப்பின் பல்லில் முழுசாக உட்கார்ந்து, போல்ட் முறுக்கும் முன் கையால் சுற்றினால் சுற்ற வேண்டும். உட்காராமல் போல்ட்டைப் போட்டு இழுத்து நெருக்கினால் பம்ப் உடைந்துவிடும், வண்டி ஸ்டார்ட் ஆவதற்கு முன்பே.

கேள்வி: புது ஏஎம்டி கார். டிரைவர் கதவைத் திறந்தாலே பானெட் பக்கம் 'விர்ர்' என்கிறது. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் ஊர்ந்தால் கருகல் வாடையும் வருகிறது. *(திருவொற்றியூர் வாசகர்)*

பதில்: கருகல் உங்கள் கால் செய்யும் வேலை. ஏஎம்டி என்பது சாதாரண கியர் பாக்ஸ்தான், கிளட்ச்சை மிதிக்க மட்டும் ஒரு இயந்திரக் கால். ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரிலேயே வண்டியைத் தாங்கினால் தட்டு கருகும். முன்னே இருக்கும் லாரி நன்றாக நகரட்டும், அப்புறம் போங்கள்.

'விர்ர்' என்பது கியர் மாற்றும் சின்ன மின்சாரப் பம்ப், நீங்கள் ஏறுவதற்குள் பிரஷர் ஏற்றிக்கொள்கிறது. சில நொடியில் நின்றால் பழுதில்லை. நின்ற வண்டியில் நிமிடத்துக்கு நாலு தடவை கத்தினால் பிரஷர் எங்கோ கசிகிறது. வாரண்டி இருக்கும்போதே கொண்டுபோய்க் காட்டுங்கள்.