எரிக் பிரிஸ்டோ குடித்துத்தான் கெட்டாரா?

பலகையில் சிறு அம்பு எறியும் டார்ட்ஸ் விளையாட்டில் ஐந்து முறை உலகச் சாம்பியனான பிரிஸ்டோ 1986க்குப் பிறகு ஏன் அந்தப் பட்டத்தை வெல்லவில்லை, குடிதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அவருடைய விரல்கள் அம்பை விட மறுத்தன. அந்தக் கோளாறுக்கு டார்டைட்டிஸ் என்றே ஒரு பெயர் இருக்கிறது. அந்தக் காலத்தில் மேடையிலேயே பியர் குடித்துக்கொண்டு எறிந்தார்கள், உண்மைதான். ஆனால் வென்றபோதும் அப்படித்தானே எறிந்தார்கள்?

எனக்கு இது தெரியும். நான் முல்லைத்தீவில் முள்ளியவளைப் பக்கம். எங்கள் கிரிக்கெட் கழகத்தில் இடக்கைச் சுழல்பந்து வீசினேன். 2014இல் ஓர் அரையிறுதியில், கடைசி ஓவருக்கு முந்திய ஓவர். கை மேலே போனது, விரல் திறக்கவில்லை. பந்து என் காலடியில் விழுந்தது. அடுத்தது வைட். அதற்கடுத்ததும் வைட். அந்த ஓவரை முடிக்கவே முடியவில்லை. "பெடியன் வெருண்டிட்டான்" என்றார்கள். வெருளவில்லை, எனக்குப் பயமே இருக்கவில்லை. அம்மா நாவூறு என்று வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தா. கழகம் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை.

அந்த மைதானத்தையும் சொல்லவேண்டும். மாரி வந்தால் அது குளம்தான். வாய்க்கால் வெட்டித் தருகிறோம் என்று எத்தனை தரம் அளந்துவிட்டுப் போனார்கள்! எங்கள் பிள்ளைகள் சேற்றில் பழகிவிட்டு, வெளி மாவட்டத்துப் புல்தரைக்குப் போய் எப்படி வெல்வது? சரி, விசயத்துக்கு வருகிறேன்.

அடுத்த வருசம் லண்டனிலிருந்து சித்தப்பா டார்ட்ஸ் பலகையோடு வந்தார். எங்கள் வீட்டு மாலில் தொங்கவிட்டு, எறிபவர் நிற்க 2.37 மீற்றர் அளந்து கோடு போட்டார். என் கதையைக் கேட்டுவிட்டு, "தம்பி, இது பிரிஸ்டோவுக்கு வந்ததடா" என்றார். அன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. உலகத்தில் வேறு ஒருவனுக்கும் இது வந்திருக்கிறது!

நான் வைத்தியன் இல்லை, பிரிஸ்டோவுக்குச் சமமென்றும் சொல்லவில்லை. அப்படி எழுதிக்கொண்டு யாரும் வரவேண்டாம். ஆனால் அவர் கெட்டுப்போனார் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் கையோடு 1987, 1989, 1990, 1991 என்று நான்கு உலக இறுதிகளுக்கு வந்தார். நான்கிலும் தோற்றார். 1990இல் வென்றது யார்? அவரே காசு கொடுத்துத் தூக்கிவிட்ட ஃபில் டெய்லர். நான் ஓர் ஓவரோடு நின்றுவிட்டேன். அவர் உலகமே பார்க்க, கை பூட்டிக்கொள்ளும் என்று தெரிந்தும் கோட்டில் போய் நின்றார். அதைக் குடி என்று ஒரு சொல்லில் தள்ளிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டிலும் யாருக்கோ இப்படி வந்திருக்கிறது போல. வந்திருந்தால் பயந்தாங்கொள்ளி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் இப்போதும் பின்னேரங்களில் மாலில் அதே இடக்கையால் அம்பு எறிகிறேன், விரல் திறக்கிறது. பந்தைத்தான் இன்னும் கையில் எடுக்கவில்லை.