ஆடிட் வேறு, மறு எண்ணிக்கை வேறு: எந்தச் சொற்களஞ்சியத்தைப் பார்ப்பது?

கேள்வி: தேர்தல் பாதுகாப்பு பற்றிய கட்டுரைகளைத் திருத்துகிறேன். ஆடிட், மறு எண்ணிக்கை, ஹேக்கிங் எல்லாம் இஷ்டத்துக்கு வருகின்றன. எந்தச் சொற்களஞ்சியத்தை நம்பலாம்?

பதில்: தேர்தல், சைபர் பாதுகாப்பு என்ற இரண்டு துறைக்கும் சேர்த்து ஒரே புத்தகம் தேடாதீர்கள். தேர்தல் சொல்லுக்குப் பொருள் தருவது சட்டம். நாடு மாறினால் பொருளும் மாறும். அதனால் அந்தந்த நாட்டுத் தேர்தல் சட்டத்தின் வரையறைப் பிரிவுதான் முதல் புகலிடம். நாடுகளை ஒப்பிட, 1998-இல் தொடங்கிய ஏஸ் தேர்தல் அறிவுத்தளம் உதவும். அமெரிக்கத் தேர்தல் உதவி ஆணையமும் பல மொழிகளில் சொற்பட்டியல் வைத்திருக்கிறது. நல்ல பட்டியல்தான், ஆனால் அவர்கள் நடைமுறைக்காக எழுதியது.

சைபர் சொற்களுக்கு, நிஸ்ட் என்ற அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தின் களஞ்சியம். ஒரே சொல்லுக்கு நாலைந்து விளக்கம் வரும், மிரள வேண்டாம். எந்த ஆவணத்திலிருந்து எடுத்தது என்று ஒவ்வொன்றின் கீழும் போட்டிருப்பார்கள். நம்பிக்கை வருவது அதனால்தான். எனக்குப் பிடித்தது 2007-இல் வந்த ஆர்எஃப்சி 4949 என்ற இணையப் பாதுகாப்புச் சொற்களஞ்சியம். பழசு, புதிய தாக்குதல் வகைகளை அதில் தேட முடியாது. ஆனால் எந்த விளக்கத்தை எடுக்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று எழுத்துக்குறி போட்டே சொல்லிவிடும். கணினிக்குள் அத்துமீறி நுழைபவரை ஹேக்கர் என்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. பத்திரிகைகள் கேட்கவா போகின்றன!

நிறையப் பேர் சறுக்குவது ரிஸ்க் லிமிட்டிங் ஆடிட்டில். 2017-இல் கொலராடோ மாநிலம் முழுவதும் நடத்தியது இது. மறு எண்ணிக்கையைப் போல எல்லாவற்றையும் எடுத்த எடுப்பில் எண்ணாமல், காகித வாக்குச்சீட்டுகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, அறிவித்த முடிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். சந்தேகம் தீராவிட்டால் இன்னும் சீட்டுகள், கடைசியில் முழு எண்ணிக்கை. ரிஸ்க் லிமிட் 5 சதவீதம் என்றால், முடிவு தவறாக இருக்க 5 சதவீத வாய்ப்பு என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியல்ல. அறிவித்த முடிவு தவறாக இருந்தால், ஆடிட் அதைத் திருத்தாமல் விட்டுவிடும் வாய்ப்பு அதிகபட்சம் 5 சதவீதம். இரண்டும் வெகுதூரம்.

அதேபோல, வாக்கு இயந்திரத்தில் பலவீனம் இருப்பதாகக் கண்டறிந்தால் உள்ளே யாரோ புகுந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

அப்புறம், ஆடிட்டைத் தணிக்கை என்று மொழிபெயர்க்கும்போது கொஞ்சம் கவனம். நமக்குத் தணிக்கை என்றதும் சினிமா சென்சாரும் நினைவுக்கு வரும். "வாக்குச்சீட்டுச் சரிபார்ப்புத் தணிக்கை" என்று முதல் முறையே முழுசாக எழுதிவிடுங்கள்.