அண்ணாந்து பார்க்க ஒரு கடை, வாங்க வேறு கடை

போன இதழில் பாரிஸைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஈஃபில் கோபுரத்தைப் பற்றி இல்லை, கடைகளைப் பற்றித்தான். ஒன்பது வருடம் அங்கே குடித்தனம் நடத்தியவள் என்கிற தைரியத்தில் பதில் சொல்கிறேன்.

"அக்கா, மே மாதம் ஐந்து நாள் பாரிஸ் போகிறோம். கேலரி லஃபாயெத்துக்குப் போயே ஆகணும் என்கிறார் கணவர். எனக்கோ சொந்தபந்தம் இருபது பேருக்கு ஏதாவது வாங்கணும், கையையும் கடிக்கக் கூடாது. எங்கே போவது?" — ஈரோடு வாசகி

லஃபாயெத் பல மாடிப் பெரிய கடை, அவரை அங்கே கூட்டிப் போங்கள், பர்ஸை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்தால் 43 மீட்டர் உயரத்தில் வண்ணக் கண்ணாடிக் குவிமாடம், 1912-இல் கட்டியது. பார்க்கக் காசு இல்லை. மொட்டை மாடிக்கும் காசு இல்லை, அங்கிருந்து ஒபேரா கட்டடத்தின் முதுகும் தூரத்தில் ஈஃபிலும் தெரியும். இறங்கி வரும்போது ஏதாவது ஒரு ஸ்கார்ஃபின் விலைச்சீட்டைத் திருப்பிக் காட்டுங்கள், அவரே "சரி, கிளம்பலாம்" என்று சொல்லிவிடுவார். பக்கத்திலேயே 1865-இல் தொடங்கிய ப்ரான்தாம் என்கிற இன்னொரு பெரிய கடை இருக்கிறது, அதன் மாடியும் இலவசம்தான்.

ஆற்றுக்குத் தெற்கே, செவ்ர் பாபிலோன் மெட்ரோ வாசலில் இருக்கும் போன் மார்ஷேயையும் முடிந்தால் எட்டிப் பாருங்கள். 1852-இல் அரிஸ்தித் பூசிகோ என்பவர் பங்காளியாகச் சேர்ந்து, விலையைச் சீட்டில் எழுதி மாட்டி, பேரம் கிடையாது, பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்று நடத்திக் காட்டிய கடை. இன்று உலகம் முழுக்க நாம் பேசாமல் பில் போட்டுக்கொண்டு வருவதற்கு இவரும் ஒரு காரணம். (என் அத்தை இதைக் கேட்டுவிட்டு அவரை மன்னிக்கவே இல்லை.) அதன் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் உணவுக்கடை கண்ணுக்கு விருந்து. பர்ஸுக்கு இல்லை.

இப்போது உங்கள் இருபது பேர். மோனோப்ரி என்கிற சூப்பர் மார்க்கெட் ஊர் முழுக்க இருக்கிறது, பாரிஸ்காரர்களே அங்கேதான் வாங்குகிறார்கள். சாக்லேட், வெண்ணெய் பிஸ்கட், சிறு டப்பாக்களில் கடல் உப்பு, டிஜோன் கடுகு விழுது, சோப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ் முடிந்துவிடும். நினைவுப்பொருள் கடையில் ஈஃபில் படம் போட்ட தகர டப்பாவுக்குள் இருக்கும் அதே மாதிரி பிஸ்கட் இங்கே சாதா அட்டைப்பெட்டியில் நல்ல மலிவாகக் கிடைக்கும். கடுகு பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீர்கள், விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் அது திரவக் கணக்கு. மிருதுவான சீஸுக்கும் அதே கதிதான்.

பெண்களுக்கு என்றால் மருந்துக்கடை. சிரிக்காதீர்கள். பச்சைச் சிலுவை விளக்கு எரியும் பிரெஞ்சு மருந்துக்கடைகளில் அவேன், லா ரோஷ் போசே, பயோடெர்மா மாதிரி சருமக் கிரீம்கள் வெளியூர் விலையைவிட நன்றாகவே குறைவு. கடைக்குக் கடை விலை மாறும். சான் ஜெர்மான் பகுதியில் ஃபூர் தெருவில் இருக்கும் சிட்டிஃபார்மா மலிவுக்குப் பெயர் போனது, அதனாலேயே மதியத்துக்கு மேல் உள்ளே திரும்பக்கூட இடம் இருக்காது. காலையில் திறந்ததும் போய்விடுங்கள்.

தைக்கத் தெரிந்தவரா நீங்கள்? அப்படியென்றால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு மோன்மார்த்ர் குன்றின் அடிவாரத்துக்குப் போங்கள். ஆன்வேர் மெட்ரோவில் இறங்கி, வெள்ளைத் தேவாலயத்தைப் பார்க்க ஏறும் கூட்டத்தோடு ஏறாமல் வலது கைப் பக்கம் திரும்பினால் மார்ஷே சான் பியேர், துணிக்கடைகளின் பேட்டை. பழைய மரத்தரை, மேஜை மேல் மேஜையாகத் துணி உருளைகள், கழுத்தில் கத்தரியும் கையில் மர மீட்டர்கோலுமாக விற்பனையாளர்கள். துணியைச் சடசடவென்று உருட்டி விரித்து, கோலால் அளந்து, ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு வெட்டி நேராக வெட்டிக்கொண்டே போவார்கள். அக்கம்பக்கத்தில் "கூப்போன்" கடைகளும் உண்டு, அங்கே பெரும்பாலும் மூன்று மீட்டர் துண்டாகவே மடித்து விலை போட்டு வைத்திருப்பார்கள். லினனும் வெல்வெட்டும் என் பெட்டியில் பாதியை அடைத்தது இங்கிருந்துதான். ஞாயிறு விடுமுறை.

எங்கே நுழைந்தாலும் முதலில் "போன்ஜூர்" சொல்லுங்கள். சொல்லாமல் நேராக "இது என்ன விலை" என்று கேட்டால் அங்கே அது மரியாதைக்குறைவு, முகம் சுண்டிப்போகும். பாரிஸில் எல்லாரும் சிடுமூஞ்சிகள் என்று ஊருக்கு வந்து சொல்பவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு வார்த்தையை விட்டவர்கள்.

"தள்ளுபடிக் காலம் பார்த்து டிக்கெட் போடலாமா?" — மதுரை வாசகர்

தாராளமாக. அங்கே "சோல்த்" என்று சொல்லும் தள்ளுபடி அரசு நாள் குறித்து வருடத்துக்கு இரண்டு முறை நடப்பது, ஒவ்வொன்றும் நான்கு வாரம். குளிர்காலத்துக்கு ஜனவரியில் இரண்டாவது புதன், கோடைக்கு ஜூன் கடைசிப் புதன். சில வருடம் ஒரு வாரம் முன்னே வரும், டிக்கெட் போடுமுன் அந்த வருடத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளுபடியில் வைக்கும் சரக்கு குறைந்தது ஒரு மாதமாவது கடையில் விற்பனைக்கு இருந்திருக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் இதற்கென்றே தனியாக இறக்கின மட்டச் சரக்காக இருக்குமோ என்ற சந்தேகம் வேண்டாம். நாள் ஆக ஆக விலை இறங்கும், கூடவே உங்கள் அளவும் காணாமல் போகும். 38, 40 எல்லாம் முதல் வாரமே காலி. பிரெஞ்சு 40 என்றால் பிரிட்டிஷ் 12, பெண்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் மட்டும் சின்னக் கடைகளை நம்பிப் போகாதீர்கள். ஷட்டரில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டு முதலாளி கடற்கரைக்குப் போயிருப்பார்.

"வரியைத் திருப்பித் தருவார்களாமே, உண்மையா? மைத்துனர் அங்கேயே இருக்கிறார், அவர் பெயரில் பில் போட்டால் சுலபமா?" — திருச்சி வாசகர்

உண்மை. மைத்துனர் பெயரில் மட்டும் நடக்காது, ஏனென்றால் இந்தச் சலுகை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கு. பாஸ்போர்ட் உங்களுடையதாக இருக்க வேண்டும், வயது 16 தாண்டியிருக்க வேண்டும், ஒரே கடையில் மூன்று நாளுக்குள் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். பில் போடும்போதே "தேதாக்ஸ்" என்று சொல்லிப் பாஸ்போர்ட்டை நீட்டுங்கள். ஹோட்டலுக்குப் போய் ஞாபகம் வந்து மறுநாள் போய் நின்றால் கெஞ்சல்தான்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் 20 சதவீதம் கைக்கு வரும் என்று நினைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். வரி 20 சதவீதம்தான், ஆனால் அது வரி சேர்க்காத விலையின் மேல். விலைச்சீட்டில் 300 யூரோ என்றால் அதற்குள் வரி 50 யூரோ. அந்த 50-லும் இடையில் இருக்கும் நிறுவனம் தன் கூலியை எடுத்துக்கொள்ளும், உங்களுக்கு வருவது சுமார் 12 சதவீதம், அதாவது 36 யூரோ பக்கம்.

கடையில் ஒரு படிவம் தருவார்கள், அதில் பட்டைக்கோடு இருக்கும். விமான நிலையத்தில் "பாப்லோ" என்று ஓர் இயந்திரம், அதன் கண்ணாடியில் பட்டைக்கோட்டைக் காட்டினால் பச்சை விழும். வேலை முடிந்தது. இதைப் பெட்டியை ஒப்படைக்கும் முன்னால் செய்ய வேண்டும், சிவப்பு விழுந்தால் சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொல்வார், பெட்டி போயிருந்தால் எதைக் காட்டுவீர்கள்? நான் ஒருமுறை இந்தத் தப்பைச் செய்துவிட்டு, என் கோட்டு விமானத்தின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்க, கையில் வெறும் காகிதத்தோடு கவுண்டரில் நின்றேன். அந்த அதிகாரி நல்லவர், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், முத்திரை மட்டும் போடவில்லை. வரிசைக்கென்று ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஒன்றியத்தை விட்டு எந்த ஊரிலிருந்து வெளியேறுகிறீர்களோ அங்கேதான் இந்த வேலை. துபாய் வழியாகவோ லண்டன், சூரிக் வழியாகவோ வந்தால் பாரிஸிலேயே முடிக்க வேண்டும், ஏனென்றால் லண்டனும் சூரிக்கும் ஒன்றியத்துக்குள் இல்லை.

அப்புறம், 2023 ஆகஸ்ட் முதல் பிரான்ஸில் ரசீதைத் தானாக அச்சடித்துத் தருவதில்லை, கேட்டால்தான் வரும். கேளுங்கள். பழுதில்லாத பொருளை மாற்றித் தர வேண்டிய கட்டாயம் அங்கே கடைக்காரருக்கு இல்லை, மாற்றித் தரும் கடைகளும் ரசீது இல்லாவிட்டால் முகம் கொடுக்காது.

"பழைய பொருள்கள் மேல் எனக்குப் பைத்தியம். பாரிஸ் சந்தைகளில் பேரம் பேசலாமா?" — நாகர்கோவில் வாசகி

வாருங்கள், நம் இனம்! பெரியது சாந்த்-உவான் சந்தை. சனி, ஞாயிறு, திங்கள். 4-ஆம் எண் மெட்ரோவின் வடக்குக் கடைசி நிலையமான போர்த் த கிளிஞான்கூரில் இறங்கி நடந்தால் முதலில் வருவது போலி ஷூ, செல்போன் உறை, "பெல்ட் வேணுமா மேடம்" கூட்டம். நிறையப் பேர் இதுதான் சந்தை என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். பையை முன்னால் போட்டுக்கொண்டு, மேலே போகும் வட்டச்சாலைப் பாலத்தைத் தாண்டி ரோசியே தெருவுக்குள் திரும்புங்கள். அங்கிருந்துதான் நிஜச் சந்தை, ஒன்றுக்குள் ஒன்றாகப் பல அங்காடிகள். மேஜை நாற்காலி, சரவிளக்கு பார்க்க போல் பெர். சில்லறைச் சாமான் கிளற வெர்நேசான். அங்கே ஒரு கிழவி பித்தான் மட்டும் விற்றாள், ஷூ பெட்டி பெட்டியாக, சிப்பிப் பித்தான், கொம்புப் பித்தான், பட்டாளத்துப் பித்தளைப் பித்தான், எல்லாம் அட்டையில் தைத்தபடி. ஒரு மணி நேரம் குடைந்துவிட்டு ஆறு பித்தான் வாங்கினேன், அவள் ஏழாவதைச் சும்மா கொடுத்தாள்.

பேரம் பேசலாம், ஆனால் பாதி விலைக்குக் கேட்காதீர்கள், பொருளைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுவார்கள். பத்து, பதினைந்து சதவீதம் குறையும். இரண்டு மூன்று சேர்த்து எடுத்தால் இன்னும் கொஞ்சம். ரொக்கமாக வைத்திருங்கள்.

எனக்கு மனதுக்கு நெருக்கமானது வான்வ் சந்தைதான். சின்னது, தெருவோர நடைபாதையில், சனி ஞாயிறு காலை மட்டும். வெள்ளிக் கரண்டி, எனாமல் காபிக் கூஜா, யாரோ யாருக்கோ எழுதிய பழைய தபால் அட்டைகள். மதியம் வாரிச் சுருட்டும் நேரத்தில் விலை தானாக இறங்கும், மறுபடி வண்டியில் ஏற்ற யாருக்குத்தான் மனசு வரும்?

"லாச்சப்பலில் புடவை வாங்கலாமா?" — சேலம் வாசகி

சேலத்திலிருந்து போய் பாரிஸில் புடவையா! வாங்காதீர்கள், ஆனால் போங்கள். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. 1980-களிலிருந்து போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் கட்டி எழுப்பிய தெரு அது. தமிழ்ப் பெயர்ப்பலகை, நகைக்கடை, முருங்கைக்காய், கொத்து ரொட்டி தட்டும் சத்தம். ஐந்து நாள் ரொட்டியும் வெண்ணெயும் தின்று நாக்கு செத்தவர்களுக்கு மருந்து. ஆகஸ்ட் கடைசி வாக்கில் மாணிக்க விநாயகர் தேர் வரும், நடுத்தெருவில் தேங்காய்க் குவியல் குவியலாக உடைப்பார்கள். யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் ஒரு பாக்கெட் வாங்கி வாருங்கள், அது சேலத்தில் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

"தெருவில் விற்கும் பிராண்ட் கைப்பை அசல் மாதிரியே இருக்கிறதாமே?" — பெயர் வேண்டாம் என்ற வாசகி

பெயர் வேண்டாம் என்றதிலேயே பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பிரான்ஸில் போலியை விற்பது மட்டுமில்லை, வைத்திருப்பதும் குற்றம். சுங்கத்தில் பிடித்தால் பையும் போகும், மேலே அபராதமும் விழும். அதே காசுக்கு சான் பியேரில் நல்ல வெல்வெட் மூன்று மீட்டர் வரும்.