கடலூர் வெயில்ல 2 அடி பிளான்ட்டட் டேங்க்: லைட்டும் சிஓ2-வும் எவ்ளோ வைக்கிறது?

மஞ்சக்குப்பத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தாரு. 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒண்ணேகால் அடி உயரத்துல செடி வெச்ச மீன் டேங்க், போர் தண்ணி, மேல 40 வாட்ஸ் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் கலந்த) லைட், காலைல ஆபீஸ் போறப்ப போட்டா ராத்திரி படுக்கறப்பதான் அணைப்பாராம். தரையோட புல்லு மாதிரி படர்ற மான்டி கார்லோ கார்பெட் செடி போட்டு 3 வாரத்துல கரைஞ்சு போச்சு, அனுபியாஸ் இலை ஓரமெல்லாம் கறுப்பா முடி மாதிரி பாசி, கண்ணாடில பச்சைப் பாசி வேற. கடைல கேட்டா "சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு கேஸ்) போட்டா எல்லாம் சரியாயிடும்"னு சொல்லிட்டாங்க, ஒரு செட் வாங்கணும்னா பெரிய தொகை ஆகுது, வாங்கலாமா, எப்படி செட் பண்றது அண்ணான்னு கேட்டிருந்தாரு. டேங்க்ல 20 கப்பி, 6 நியான் டெட்ரா இருக்காம்.

தம்பி, சிலிண்டர் வாங்கறதுக்கு முன்னாடி இன்னைக்கு சாயங்காலமே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, லைட்டைக் குறைங்க. செடிக்கு எவ்ளோ பசிங்கறத முடிவு பண்றதே லைட்தான். லைட் கூடக்கூட செடி வேகமா வளரப் பாக்கும், அந்த வேகத்துக்கு கார்பன் வேணும், நைட்ரேட் பொட்டாசியம் இரும்பு எல்லாம் வேணும், அதுல எது பத்தலையோ அங்க செடி நின்னுடும், செடி நின்ன இடத்துல பாசி உக்காந்துக்கும். உங்க டேங்க் கண்ணாடி அளவுக்கு 70 லிட்டர், மண்ணு கல்லு போக தண்ணி ஒரு 55 லிட்டர் நிக்கும். எல்இடில வாட்ஸுக்கு சுமார் 100 லூமென் (வெளிச்சத்தோட அளவு) வெச்சா 40 வாட்ஸுக்கு 4000 லூமென், அப்ப லிட்டருக்கு 70-க்கு மேல. சிஓ2 இல்லாத டேங்குக்கு லிட்டருக்கு 15-லேர்ந்து 25 லூமென் தாராளம், சிஓ2 ஒழுங்கா ஓடுற டேங்குக்கே 30, 40 போதும் (ஆர்ஜிபி லைட்டுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, ஆனா எந்தப் பக்கம் சாஞ்சிருக்கீங்கன்னு தெரிஞ்சுக்க போதும்). நீங்க அவ்ளோ லைட்டை 12 மணி நேரத்துக்கு மேல குடுத்துக்கிட்டு இருக்கீங்க.

அந்த லைட்டைத் தூக்கிப் போட வேணாம். டிம்மர் இருந்தா 35, 40 சதவீதத்துல வைங்க, இல்லன்னா டேங்க் விளிம்புல படுத்திருக்கறத தூக்கி தண்ணிலேர்ந்து முக்கால் அடி ஒரு அடி மேல தொங்க விடுங்க. நேரம் 6 மணி போதும், அதுவும் ஒரே மூச்சா, சாயங்காலம் 4-லேர்ந்து ராத்திரி 10 வரைக்கும்னு வெச்சா வீட்டுக்கு வந்து உக்காந்து பாக்கவும் முடியும். டைமர் வாங்கறப்ப ஒண்ணு கவனிங்க, சுத்துற முள்ளு வெச்ச டைமர் கரன்ட் போனா அப்படியே நின்னுடும், நம்ம ஊர்ல வாரத்துக்கு ரெண்டு தடவை கரன்ட் போனாலே பத்து நாள்ல லைட் நேரம் ராத்திரி பன்னெண்டுக்குத் தள்ளிப் போயிருக்கும், அதனால உள்ள பேட்டரி இருக்கற டிஜிட்டல் டைமரா பாத்து வாங்குங்க. அடுத்து லைட் வாங்கறப்ப 6500 கெல்வின் (வெளிச்சத்தோட நிறத்தைச் சொல்ற அளவு) பக்கத்துல இருக்கற நல்ல வெள்ளை லைட் போதும், ஊதாவா தெரியற லைட்ல செடி வளரும்தான், ஆனா கண்ணுக்கு செடி கலரே தெரியாது. ஜன்னல் வெயில் டேங்க் மேல விழுந்தா அதையும் கணக்குல சேருங்க, திரை போடுங்க.

இதை மட்டும் செஞ்சு 3 வாரம் பாருங்க. கறுப்பு முடி பாசி வந்த இலையை வெட்டி எடுத்துடுங்க, அது திரும்ப பச்சையாகாது. கல்லுல இருந்தா கல்லை வெளில எடுத்து மெடிக்கல்ல கிடைக்கிற 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி சில நிமிஷம் விட்டுத் தேய்ச்சுக் கழுவிப் போடுங்க.

இப்ப சிஓ2. வேணுமா வேணாமான்னா நீங்க என்ன செடி வளர்க்கணும்ங்கறதப் பொறுத்தது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன், வாலிஸ்நேரியா இதெல்லாம்னா ஒரு பைசா செலவு பண்ணாதீங்க. அதுலயும் வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா ரெண்டும் தண்ணில கரைஞ்சிருக்கற பைகார்பனேட்லேர்ந்தே கார்பனை எடுத்துக்கும், உப்பும் கடினமும் இருக்கற நம்ம போர் தண்ணிக்கு அதுங்க அருமையா வரும். (ஹைட்ரில்லா வேணும்னு ஊசுட்டேரில இறங்கிடாதீங்க, அது பறவைகள் சரணாலயம், நர்சரிலயே கிடைக்குது.) மான்டி கார்லோ கார்பெட், சிவப்பு ரோட்டாலா, லுட்விஜியா இதுங்கதான் ஆசைன்னா சிஓ2 போடுங்க. மான்டி கார்லோ சிஓ2 இல்லாம வரவே வராதுன்னு இல்ல, ஆனா நம்ம சூட்டுல, உங்க தண்ணில, கஷ்டம்.

சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து வீட்லயே சிஓ2 எடுக்கற பாட்டில் பத்தியும் கேட்டிருந்தீங்க. நொதிக்கறப்ப சர்க்கரை எடையில கிட்டத்தட்ட பாதி சிஓ2-வா வரும், மீதி பாதி ஆல்கஹால். பிரச்சனை என்னன்னா மே மாசத்துல நம்ம வீட்டுச் சூட்டுக்கு ஈஸ்ட் வெறி பிடிச்ச மாதிரி வேலை செய்யும், முதல் மூணு நாள் கேஸ் பொங்கும், ஒரு வாரத்துல அடங்கிடும். ராத்திரி நிறுத்தவும் முடியாது. இன்னைக்கு நிறைய நாளைக்கு கொஞ்சம்னு மாறிக்கிட்டே இருந்தா அந்தக் கறுப்பு பாசிக்கு அதைவிட கொண்டாட்டம் வேற இல்ல. சிட்ரிக் ஆசிட், சமையல் சோடா வெச்சு வால்வோட வர்ற கிட் இதைவிட பரவாயில்ல, திருகிக் குறைக்கலாம். ரெண்டு வருஷமாவது இதுல இருப்பேன்னா நேரா சிலிண்டருக்கே போயிடுங்க. "லிக்விட் கார்பன்"னு பாட்டில்ல விக்கறது சிஓ2 இல்ல, பெரும்பாலும் அது குளுட்டரால்டிஹைடுங்கற கிருமிநாசினி, அதுல வாலிஸ்நேரியா கரைஞ்சே போயிடும், மாஸ்ங்கற செடி கூட அடி வாங்கும்.

சிலிண்டருக்கு 2 கிலோ போதும், பல மாசம் ஓடும். ஃபயர் எக்ஸ்டிங்குவிஷர் கடைல ரீஃபில் பண்ணிக் குடுப்பாங்க, ஆனா எக்ஸ்டிங்குவிஷர் சிலிண்டரையே அப்படியே வாங்கி மாட்டிடாதீங்க, அதுக்குள்ள அடி வரைக்கும் ஒரு குழாய் இருக்கும், திறந்தா கேஸ் வராம லிக்விட் வரும், ரெகுலேட்டர் போயிடும். குழாய் எடுத்திருக்கான்னு கேட்டு வாங்குங்க, தோள்ல பொறிச்சிருக்கற டெஸ்ட் தேதியையும் பாருங்க. கேஜ் முள்ளைப் பாத்து எவ்ளோ கேஸ் இருக்குன்னு சொல்ல முடியாது, உள்ள லிக்விட் ஒரு சொட்டு இருக்கற வரைக்கும் பிரஷர் ஒரே மாதிரிதான் காட்டும், 25 டிகிரில சுமார் 64 பார். எடை போட்டுத்தான் தெரியும். 31 டிகிரியத் தாண்டினா உள்ள லிக்விட் கேஸ்ங்கற பிரிவே போயிடும், பிரஷர் சரசரன்னு ஏறும், அதனால கத்திரி வெயில்ல முள்ளு ஏறி நின்னா ரெகுலேட்டர் கெட்டுடுச்சுன்னு நினைக்காதீங்க, அதே சமயம் "இன்னும் கொஞ்சம் அமுக்கிப் போடுங்க அண்ணே"ன்னு ரீஃபில் கடைல கேக்கவே கேக்காதீங்க. பைக்ல வெயில்ல கட்டி வெச்சுட்டு டீ குடிக்கவும் போகாதீங்க.

இன்னொண்ணு, சிலிண்டரை மூடின ஏசி ரூம்ல வைக்காதீங்க. 2 கிலோ கேஸ் முழுசா லீக் ஆனா ஆயிரம் லிட்டருக்கு மேல ஆகும், 10-க்கு 10 ரூம்ல அது காத்துல 4 சதவீதம், அது உயிருக்கே ஆபத்தான அளவு. ஹால்ல வைங்க, நிக்க வெச்சு ஸ்டாண்டோட சங்கிலி போட்டுக் கட்டுங்க, ஒவ்வொரு ஜாயின்ட்லயும் சோப்பு நுரை தடவி குமிழ் வருதான்னு பாருங்க.

மாட்டற வரிசை: சிலிண்டர், ரெகுலேட்டர் (பிரஷரைக் குறைக்கறது), சோலனாய்டு (கரன்ட்ல திறந்து மூடற வால்வு), நீடில் வால்வு (கேஸைப் பொடியா கூட்டிக் குறைக்கறது), பபிள் கவுண்டர் (குமிழை எண்ணறது), செக் வால்வு (தண்ணி திரும்பி வராம தடுக்கறது), டிஃப்யூசர் (கேஸைப் பொடிக் குமிழா உடைக்கறது). இதுல காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் சோலனாய்டு. நான் ஆரம்பத்துல முத்தியால்பேட்டைல இருந்தப்ப சோலனாய்டு இல்லாம நீடில் வால்வு மட்டும் வெச்சு 24 மணி நேரமும் ஓட விட்டேன். ராத்திரி இருட்டுல செடி சிஓ2-வ எடுக்காது, அதுவே மூச்சு விட்டு இன்னும் சேக்கும், அன்னைக்கு கரன்ட் போய் ஃபில்டரும் நின்னு போச்சு, மேல தண்ணி அசையல, ஆனா சிலிண்டருக்கு கரன்ட் எதுக்கு, அது பாட்டுக்கு விட்டுக்கிட்டே இருந்துச்சு. விடியக்காலைல அஞ்சரைக்கு டார்ச் அடிச்சுப் பாத்தா ராஸ்போரா மீனெல்லாம் மேல வாயத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருக்கு, நாலு ஏற்கனவே அடில சாஞ்சு கிடக்கு. இன்னைக்கும் அந்த டார்ச் வெளிச்சம் ஞாபகம் இருக்கு. சோலனாய்டு இருந்தா கரன்ட் போனதும் தானா மூடிக்கும். தானே புயல் மாதிரி, ஃபெஞ்சல் மாதிரி வந்து நாள் கணக்குல கரன்ட் இல்லன்னா சிலிண்டர் வால்வையே கையால மூடிடுங்க, பேட்டரில ஓடுற ஏர் பம்ப் ஒண்ணு வீட்ல இருக்கட்டும்.

லைட் போடறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி கேஸ் ஆன், லைட் அணையறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஆஃப். உங்க கணக்குக்கு மதியம் 2.30-லேர்ந்து ராத்திரி 9. ஆரம்பத்துல ரெண்டு செகண்டுக்கு ஒரு குமிழ்ல தொடங்குங்க, வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கூட்டுங்க. வேலைக்குப் போற நாள்ல கூட்டாதீங்க, ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்து பாக்க முடியறப்ப மட்டும் தொடுங்க. டிஃப்யூசர் அடில, ஃபில்டர் தண்ணி தள்ளுற பாதைல இருக்கணும், குமிழ் பொடியா டேங்க் முழுக்க சுத்தணும்.

எவ்ளோ கரைஞ்சிருக்குன்னு காட்டறது டிராப் செக்கர். இதுல நிறைய பேர் தப்பு பண்றாங்க, டேங்க் தண்ணியையே அதுக்குள்ள ஊத்திடறாங்க. ஊத்த வேண்டியது 4 டிகேஹெச் (தண்ணியோட கார்பனேட் கடினத்துக்கான அளவு) தண்ணி, வீட்லயே செய்யலாம். பேட்டரி கடைல டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, 1 லிட்டருக்கு 1.2 கிராம் சமையல் சோடா (பேக்கிங் பவுடர் இல்ல, சோடா) போட்டுக் கலக்குங்க, அது 40 டிகேஹெச். அதுல ஒரு பங்குக்கு டிஸ்டில்டு வாட்டர் ஒன்பது பங்கு சேத்தா 4. நகைக்கடை மாதிரி சின்ன தராசு யார்கிட்டயாவது வாங்கி எடை போடுங்க, ஸ்பூன் கணக்கு வேணாம். அதுல புரோமோதைமால் புளூங்கற கலர் மாறிக் காட்டற திரவம் சில சொட்டு விட்டு மாட்டினா, நீலம்னா சிஓ2 கம்மி, பச்சைன்னா 30 பிபிஎம் (லிட்டருக்கு 30 மில்லிகிராம்) பக்கம், மஞ்சள்னா ஜாஸ்தி. ஆனா கலர் மாற ஒன்றரை ரெண்டு மணி நேரம் ஆகும், இப்ப தெரியற கலர் முன்னாடி இருந்த நிலைமை, அதை மனசுல வெச்சுக்கிட்டு வால்வைத் திருகுங்க.

எல்லாரும் 30 பிபிஎம்-னு சொல்ற கணக்கு ஏசி ரூம்ல 24, 25 டிகிரில இருக்கற டேங்குக்கு சரி. 25 டிகிரி தண்ணில ஆக்சிஜன் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரைக்கும் நிக்கும், 32 டிகிரில 7.3 தான். சூட்டுல மீனுக்கு மூச்சு ஜாஸ்தி வாங்கும், கிடைக்கிற ஆக்சிஜனோ கம்மி, அதுக்கு மேல சிஓ2-வையும் ஏத்தினா தாங்காது. அதனால வெயில் காலத்துல நீலமும் பச்சையும் கலந்த கலர்லயே நிறுத்துங்க, லைட்டும் அதுக்குத் தக்கபடி கம்மியா இருக்கட்டும். கலரை விட மீனை நம்புங்க, கப்பி மேல வந்து வாய் வெச்சா, செவுள் படபடன்னு அடிச்சா கலர் என்னவா இருந்தாலும் கேஸை நிறுத்தி ஏர் பம்ப் போட்டு மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க.

மேல சின்ன ஃபேன் வெச்சா தண்ணி ஆவியாகி ரெண்டு டிகிரி குறையும், ஆனா கடல் காத்துல ஈரம் ஜாஸ்தி இருக்கற நாள்ல அதுவும் பெருசா எடுபடாது. ஆவியான தண்ணிக்கு போர் தண்ணிய ஊத்தாதீங்க, உப்பு சேந்துக்கிட்டே போகும், ஆர்ஓ தண்ணி ஊத்துங்க. வாரா வாரம் தண்ணி மாத்தறப்பவும் பாதி போர் பாதி ஆர்ஓ கலந்தா மான்டி கார்லோவுக்கு நல்லது. உரம், சிஓ2 போட ஆரம்பிச்சதும் கண்டிப்பா வேணும், மேக்ரோவும் (நைட்ரேட், பொட்டாசியம் மாதிரி நிறைய வேண்டியது) மைக்ரோவும் (இரும்பு மாதிரி கொஞ்சமா வேண்டியது) சேந்தது, பாட்டில்ல போட்ட அளவுல பாதிலேர்ந்து தொடங்குங்க. நியான் டெட்ராவ யார்கிட்டயாவது குடுத்துடுங்க தம்பி, அதுக்கு இந்தத் தண்ணியும் இந்தச் சூடும் ஆகாது, கப்பி உங்க போர் தண்ணில சந்தோஷமா இருக்கும்.

கார்பெட்டை இப்ப திரும்ப நடாதீங்க. வைகாசி ஆனி ரெண்டு மாசமும் லைட்டை அடக்கி, வாலிஸ்நேரியாவும் கிரிப்டோவும் போட்டு டேங்க்கை நிதானத்துக்குக் கொண்டு வாங்க, அதுக்குள்ள சிலிண்டருக்குக் காசு சேந்துடும். ஐப்பசி மழை விழுந்து தண்ணி 26, 27-க்கு இறங்கினதும் மான்டி கார்லோவ பொட்டுப் பொட்டா பிரிச்சு ஒரு இன்ச் இடைவெளில நடுங்க, கார்த்திகை மார்கழி குளிர்ல அது தரை பிடிச்சுடுச்சுன்னா அடுத்த சித்திரைய அதுவே தாங்கிக்கும்.