இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் மங்கா எது? அது உங்களை என்ன செய்தது?

கவோரு மோரி எழுதி வரையும் ஜப்பானியப் படக்கதைத் தொடர் (மங்கா என்றால் அதுதான்) ‘ஒதோயோமெகதாரி’. ஆங்கிலத்தில் ‘எ பிரைட்ஸ் ஸ்டோரி’ என்ற பெயரில் யென் பிரஸ் பதிப்பகம் கெட்டி அட்டைத் தொகுதிகளாகப் போடுகிறது. நான் படிப்பது அந்தப் பதிப்பைத்தான். ஜப்பானில் 2008இல் ஆரம்பித்த தொடர் இது. 2014இல் மங்கா தைஷோ விருது வாங்கியது. கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டு, மத்திய ஆசியா. அமீர் என்ற இருபது வயதுப் பெண், மலை தாண்டி வேறொரு ஊருக்கு வாக்கப்பட்டு வருகிறாள். முகத்திரையை விலக்கிப் பார்த்தால் மாப்பிள்ளை கார்லுக்குக்குப் பன்னிரண்டு வயது. இந்த இடத்திலேயே புத்தகத்தை மூடி வைத்தவர்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. சிறு வயதுக் கல்யாணம் எத்தனை பேர் வாழ்க்கையைச் சிதைத்தது என்று தெரிந்த யாருக்கும் இது உறுத்தத்தான் செய்யும். எனக்கும் உறுத்தியது. நான் தொடர்ந்து படித்ததற்குக் காரணம், மோரி இந்த உறவை அவசரப்படுத்தவே இல்லை. அமீர் முதலில் அவனை ஒரு தம்பியைப் போலத்தான் பார்த்துக்கொள்கிறாள். அவனுக்குக் காய்ச்சல் கண்டதும் பதறிப்போய், பக்கத்தை விட்டு நகராமல் கிடக்கிறாள். அவனோ சீக்கிரம் பெரியவனாகிவிட வேண்டும் என்று துடிக்கிறான். இத்தனை தொகுதி தாண்டியும் அவர்கள் இருவரும் மெதுவாகத்தான் நெருங்குகிறார்கள்.

ஆனால் இந்தத் தொடர் என்னைப் பிடித்துக்கொண்டது அமீரால் அல்ல. முதல் தொகுதியின் இரண்டாவது அத்தியாயத்தால். அந்த வீட்டுச் சின்னப் பையன் ரோஸ்டெம், சொன்ன வேலையைச் செய்யாமல் அடிக்கடி காணாமல் போகிறான். எங்கே போகிறான் என்று பார்த்தால், வயதான தச்சர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மரம் செதுக்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான் அந்த அத்தியாயம். சண்டை இல்லை, மர்மம் இல்லை. கட்டத்துக்குக் கட்டம் உளியும் மரமும்தான். ஒரு கொடி வளைந்து பூவாகி, பூ இன்னொரு கொடிக்குள் புகுந்து, தூண் முழுக்கப் படர்கிறது. ஒவ்வொரு வெட்டும் தனியாகத் தெரியும்படி பேனாவால் வரைந்திருக்கிறார். அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டவே முடியாது. கண் தானாகவே நின்றுவிடும். பையன் பார்க்கிற வேகத்துக்கு நம் வாசிப்பும் வந்துவிடும். ‘கதையே நகரவில்லை’ என்று சிலர் குறை சொல்வது இதைத்தான். என்னைக் கேட்டால் கதையே இங்கேதான் நடக்கிறது. ஒருவர் கைவேலையை இன்னொருவர் கண் வாங்கிக்கொள்கிறதே, அதைவிடப் பெரிய சம்பவம் அந்த ஊரில் என்ன இருக்கிறது?

துணி விஷயமும் அப்படித்தான். அங்கே ஒரு பெண் கல்யாணத்துக்கு முன்னால் தன் சீருக்கான துணிகளைத் தானே பூவேலை செய்து சேர்த்தாக வேண்டும். வீட்டுச் சிறுமி திலெகேவுக்குப் பருந்துகளைத் தவிர வேறெதையும் தைக்கப் பிடிக்கவில்லை. எல்லாத் துணியிலும் பருந்து. பாட்டி பால்கிர்ஷ் அவளைத் திட்டவில்லை. பெட்டியைத் திறந்து பழைய துணிகளை எடுத்துப் போட்டு, இது யார் தைத்தது, அவள் எப்படிப்பட்டவள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். பெயர் எந்தக் காகிதத்திலும் எழுதப்படாத பெண்கள் எல்லாம் அந்தத் துணிகளில் இருக்கிறார்கள். இந்த அத்தியாயத்தைப் படித்த அன்று மேற்கொண்டு எதையும் படிக்க எனக்கு மனசு வரவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு பிற்பாடு பாரியாவிடம் வர வேண்டும். வெடுக்கென்று பேசுகிற பெண். ரொட்டிமேல் அலங்காரம் போடுவதில் கெட்டிக்காரி, ஊசி வேலையில் பொறுமை கிடையாது. அவளுக்கு மாப்பிள்ளை அமைவதே பெரும்பாடு. அமைகிற நேரத்தில் ஊர் தாக்கப்படுகிறது. அவர்கள் வீடு இடிந்து, அவள் சேர்த்து வைத்திருந்த துணியெல்லாம் போய்விடுகிறது. மறுபடி முதல் தையலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பீரங்கிச் சண்டையைப் பல பக்கங்களுக்குப் பிரமாதமாக வரைந்திருக்கிறார் மோரி. ஆனால் அந்தச் சண்டையின் இழப்பு எனக்கு உறைத்தது, பாரியா மறுபடி ஊசியைக் கையில் எடுக்கிற இடத்தில்தான்.

தலாஸ் கதையை எழுதாமல் இருக்க முடியாது. ஒரு வீட்டின் ஐந்து அண்ணன் தம்பிகளுக்கு ஒருவர் பின் ஒருவராக மனைவியாகி, ஐவரையும் இழந்து, மாமியாரோடு மட்டும் வாழும் பெண். அந்த வழியாக வரும் ஆங்கிலேயர் ஸ்மித்தின் கூட அவளை அனுப்பிவிட வேண்டும் என்று மாமியார் நினைக்கிறாள். அதற்கு உறவினர் ஒருவர் தடையாக இருப்பதால், மருமகளை விடுவிப்பதற்காகத் தானே அவரைக் கட்டிக்கொள்கிறாள். கடைசியில் அந்த மனிதரே வீட்டுக்குத் தலைவராகி, அந்நியனுக்குப் பெண் தர மாட்டேன் என்று விடுகிறார். ஸ்மித் தலாஸுக்குக் கொடுத்த தங்கக் கடிகாரம் அவர் கைக்கே திரும்பி வருகிறது. ஸ்மித் பாலைவனத்தில் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகிறார். அந்த மாமியாருக்கு நான் அழுதேன். நல்லது செய்யப் போய், தன் கையாலேயே கதவை அடைத்துக்கொண்டவள் அவள். மங்காவில் இப்படி ஒரு மாமியாரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. (தலாஸ் என்ன ஆனாள் என்று தெரிந்தாக வேண்டும் என்றால் பத்தாம் தொகுதிவரை பொறுங்கள்.)

எனக்கு ஒப்பாத இடமும் உண்டு, ஏழாம் தொகுதி. பாரசீகத்தில் வசதியான வீட்டில் கூண்டுக்கிளி மாதிரி வாழும் அனிஸ், பெண்கள் குளியலகத்தில் ஷிரினைச் சந்திக்கிறாள். இருவரும் சடங்கு செய்து உயிர்த்தோழிகள் ஆகிறார்கள். இந்தத் தொகுதிக்காகவே மோரி தான் கோடு போடும் விதத்தை மாற்றியிருக்கிறார். மற்ற தொகுதிகளில் கம்பளமும் நகையும் பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கும். இங்கே மெல்லிய கோடு, நிறைய வெள்ளை. அனிஸின் தனிமை வசனத்துக்கு முன்பே அந்த வெள்ளையில் தெரிந்துவிடுகிறது. அதுவரை அருமை. பிறகு ஷிரினின் கணவன் இறந்துபோக, தோழியை இரண்டாம் மனைவியாக்கிக்கொள்ளச் சொல்லித் தன் கணவனிடம் அனிஸே கேட்கிறாள். கணவனும் சம்மதிக்கிறான். எல்லாம் சுபம். அந்தக் காலத்தில் ஆதரவில்லாத ஒரு விதவைக்கு அது ஒரு பிழைப்பு வழி என்பது எனக்குப் புரிகிறது. தோழிமேல் அவள் வைத்திருக்கும் பிரியமும் புரிகிறது. ஆனால் ஷிரின் என்ன நினைத்தாள் என்பதற்கு இன்னும் சில பக்கங்கள் கொடுத்திருக்க வேண்டும். தலாஸுக்குக் காட்டிய நேர்மையை மோரி இங்கே காட்டவில்லை என்பது என் கருத்து. இந்தத் தொகுதியைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் நண்பர்கள் எனக்கு உண்டு. இன்னும் அவர்களோடு வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னொன்று, புத்தகத்தில் இல்லாமல் என் மனதில் மட்டும் ஓடியது. லைலா, லேய்லி என்ற இரட்டைப் பெண்கள் ஆரல் கடலோரத்து மீனவக் கிராமத்தில் வளர்கிறார்கள். தொடரிலேயே கலகலப்பான பகுதி அவர்களுடையதுதான். ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளைக் கட்டிக்கொள்கிறார்கள். கல்யாணத்தன்று மணப்பெண்கள் அசையாமல் உட்கார வேண்டுமாம். ஊரே விருந்து சாப்பிட, இவர்கள் பசியில் நெளிகிறார்கள். சிரித்துக்கொண்டே படித்தேன். ஆனால் பின்னணியில் அந்தக் கடல் வரும்போதெல்லாம் நெஞ்சை ஏதோ செய்தது. 1960வாக்கில் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்போடு உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது ஆரல். அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் தண்ணீரைச் சோவியத் அரசு பருத்தி வயல்களுக்குத் திருப்பிவிட, அது சுருங்கிச் சுருங்கி, 2014இல் கிழக்குப் பகுதி முழுக்க வறண்டே போனது. மொய்னாக் என்ற பழைய துறைமுகத்தில் மீன்பிடிக் கப்பல்கள் மணலில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அந்தப் பெண்களின் அப்பா வலை வீசுகிற பக்கத்தைப் பார்க்கும்போது இதெல்லாம் ஞாபகம் வராமல் இருக்குமா? மத்திய ஆசியாவைப் பிடிக்க வந்த ரஷ்யப் படைகளும் அப்படித்தான். கதைக்குள் அவர்கள் பெரும்பாலும் பேச்சாகவே இருக்கிறார்கள். அங்குள்ள தாஷ்கெண்ட் நகரம் 1865இலும் கீவா 1873இலும் ரஷ்யாவிடம் விழுந்தன என்று அறிந்தவருக்கு, அமீர் குதிரையில் முயல் வேட்டைக்குப் போகும் சந்தோஷமான பக்கத்திலும் ஒரு பயம் கூடவே வரும். மோரி இந்த அழிவைக் கடைசியில் வரைவாரா, அதற்கு முன்பே கதையை நிறுத்திவிடுவாரா என்பதுதான் ஒவ்வொரு புதுத் தொகுதியையும் நான் பிரிக்கும்போது மனதில் ஓடும் கேள்வி. வரைய வேண்டும் என்பது என் ஆசை. இத்தனை அக்கறையோடு ஒரு வீட்டைக் கட்டியவருக்கு அதைச் சொல்லும் உரிமையும் இருக்கிறது.

தொடங்க நினைப்பவர்களுக்கு: மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், அது சீக்கிரம் பழகிவிடும். திரையில் படிப்பதைவிட அச்சுப் புத்தகம் நல்லது. பூவேலையின் நுணுக்கம் கைபேசியில் நசுங்கிப்போகிறது. விலை கொஞ்சம் கூடுதல்தான், முதல் தொகுதியை மட்டும் வாங்கிப் பாருங்கள். ரோஸ்டெம் அத்தியாயம் பிடித்துவிட்டால் மிச்சமெல்லாம் உங்களுக்குப் பிடிக்கும். அது அலுப்புத் தட்டினால் பின்னால் வரும் சண்டைகளுக்காகக் காத்திருக்க வேண்டாம், அதற்கு வேறு நல்ல தொடர்கள் இருக்கின்றன. ஏழாம் தொகுதி படித்தவர்கள் யாராவது இருந்தால், ஷிரின் விஷயத்தில் நீங்கள் எந்தப் பக்கம் என்று கீழே எழுதுங்கள்.